பழைய நாற்காலியும் புதிய பணப்பெட்டியும்

ஆட்சிப் பீடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருப்போர் மீது மக்கள் சலிப்புக் கொள்வது உலக இயல்பு. அச்சலிப்பு முற்றிய வேளையில் ஒருவர் மேடையேறி, "நான் அரசியல்வாதி அல்லன், தொழில் நடத்தித் தேறியவன், என் கொம்பனியை நடத்தியது போல் ஆட்சியையும் நடத்திக் காட்டுவேன்" என்று முழங்குவாராயின், அம்முழக்கம் மக்கள் செவிக்குத் தேனாய் இனிக்கும். பழையவரோ, "இந்த நெளிவு சுளிவுகளை அறிந்தவன் நான் ஒருவனே, என்னை விட்டால் உங்களுக்குக் கதியில்லை" என்பார். இவ்விருவருள் எவருக்கு வாக்களிப்பது? ஜனநாயக நாடுகள் எல்லாவற்றிலும் வாக்காளர் முன் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது.

வயலையும் தோட்டத்தையும் நம்பி வாழும் கமக்காரரும், வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர், சட்டத்தரணிகள், அரசாங்க உத்தியோகத்தர் ஆகியோரும் இக்கேள்வியை உணர்ச்சிக்கு இடங்கொடாது ஆராய்தல் வேண்டும் என்பது நம் அவா. நம்மூர் மனிதர் இருவரை எடுத்து நிறுத்தினால் ஆராய்ச்சி நடவாது. கட்சிச் சண்டையே நடக்கும். ஆதலின், நமக்கு விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒரு தூரதேசத்துக் கணக்கை எடுத்துப் பார்ப்போம். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 2014ஆம் ஆண்டு நடந்த ஆளுநர் தேர்தலே அக்கணக்கு. அத்தேர்தலின் வரவும் செலவும் இன்று முழுமையாக வெளிவந்துவிட்டன. எனவே அதனை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் இடரில்லை.

பழையவரின் வரலாறு

இலினோய் மாநிலத்தின் வடமுனையில் சிக்காகோ மாநகரம். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சோளமும் சோயாவும் விளையும் பெருவயல்கள். நடுவே தலைநகர் ஸ்பிறிங்பீல்ட். ஆபிரகாம் லிங்கன் சட்டத்தரணியாகத் தொழில் செய்த ஊர் அது. ஆயினும், அம்மாநிலத்தின் அரசியல் அப்பெருமகனின் பெயருக்குப் பெருமை சேர்த்தது என்று சொல்வதற்கில்லை. ஓட்டோ கேர்னர், டான் வோக்கர், ஜோர்ஜ் றையன், றொட் பிளகோயெவிச் என ஆளுநர் பதவி வகித்த நால்வர் சிறைவாசம் கண்டவர்கள்.

இந்நால்வருள் இறுதியானவரான பிளகோயெவிச் 2009 ஜனவரியில் பதவி நீக்கப்பட்டபோது, துணை ஆளுநராக இருந்த பற் குவின் ஆளுநரானார். 2010இல் மயிரிழையில் தேர்தலிலும் வென்றார். இவர் கையூட்டு வாங்கியவர் என்று எவரும் நிரூபித்ததில்லை. 1980ஆம் ஆண்டிலேயே மக்களிடம் கையொப்பம் திரட்டி, மாநிலப் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் தொகையை 177இலிருந்து 118ஆகக் குறைப்பித்த கிளர்ச்சிக்காரர் இவர். அன்று அவரே "வெளியாள்". பின்னர் மாநிலத் திறைசேரியாளர், துணை ஆளுநர், ஆளுநர் எனப் படிப்படியாக உயர்ந்து, "நெடுங்காலத்து அரசியல்வாதி" என்ற பெயரையும் அவரே பெற்றார். இன்றைய பழையவர் நேற்றைய புதியவர் என்பதை வாக்காளர் மறத்தலாகாது.

குவினின் ஆட்சியில் குறைகளும் இருந்தன, நிறைகளும் இருந்தன. 2011இல் மரண தண்டனையை ஒழிக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதே ஆண்டில் தனியாள் வருமான வரியை 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தினார். கடன் முற்றிய வீட்டில் வேறென்ன செய்வது என்பது அவர் வாதம். எனினும் மாநில ஊழியர் ஓய்வூதிய நிதிகளின் பற்றாக்குறை 10,000 கோடி டொலரை எட்டித் தாண்டிக் கொண்டிருந்தது. வன்செயலைத் தடுப்பதற்கென அவர் ஒதுக்கிய 5 கோடியே 45 இலட்சம் டொலர் செலவிடப்பட்ட முறையை மாநிலக் கணக்காய்வாளர் கடுமையாகக் கண்டித்தார். ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்குச் சட்டசபையை இணங்கச் செய்யவென்று 2013இல் உறுப்பினர்களின் சம்பளத்தையே அவர் நிறுத்தப் பார்த்தார். நீதிமன்றம் அது தகாதென்று தீர்த்தது. இவ்வாறு நல்லெண்ணம் இருந்தும் வல்லமை போதாத ஆட்சியாளர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

புதியவரின் வருகை

இந்த வேளையிலேதான் புறூஸ் றோனர் என்ற செல்வர் களத்தில் இறங்கினார். தனியார் முதலீட்டுக் கொம்பனியொன்றின் தலைவராக இருந்து பெரும்பொருள் ஈட்டியவர். அதுவரை எந்த மக்கட் பதவிக்கும் தெரிவு செய்யப்படாதவர். ஸ்பிறிங்பீல்டை உலுக்கி எடுப்பேன் என்றார். ஆண்டொன்றுக்கு 1 டொலர் சம்பளம் போதும் என்றார். தம் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் டொலரைத் தேர்தலில் இறைத்தார். 2014 நவம்பர் 4ஆம் நாள் மாநிலத்தின் 102 மாவட்டங்களுள் 101 மாவட்டங்கள் அவர் பக்கம் நின்றன. சிக்காகோவை உள்ளடக்கிய குக் மாவட்டம் ஒன்றே குவினைக் கைவிடாதிருந்தது.

அந்த வாக்காளரை நாம் பழிக்கவில்லை. அவர்களது சினம் நியாயமானது. வரியும் ஏறியது, கடனும் ஏறியது. ஊழலின் நாற்றமோ நீங்கவில்லை. வேறொருவரைப் பார்ப்போம் என்று அவர்கள் எண்ணியதில் என்ன தவறு? றோனர் சுட்டிக்காட்டிய நோய்களும் பொய்யானவையல்ல. வீட்டு வரி, காணி வரி மிகுந்திருந்தது உண்மை. தொகுதி எல்லைகளை ஆளுங்கட்சி தனக்கு வாய்ப்பாக வரைந்து கொண்டது உண்மை. ஆண்டாண்டாக ஒரே கையில் அதிகாரம் குவிந்திருந்ததும் உண்மையே.

நோயை அறிந்தவர் என்பதற்காக ஒருவரை வைத்தியர் என்று கொள்ளலாமா? இலினோய் மக்கள் கேட்க மறந்த கேள்வி இதுவே.

736 நாட்கள்

இலினோயின் உண்மையான பழைய நாற்காலியில் இருந்தவர் குவின் அல்லர். பிரதிநிதிகள் சபையின் தலைவராக 1983 முதல், இடையில் இரண்டு ஆண்டுகள் தவிர்ந்த காலம் முழுவதும், வீற்றிருந்த மைக்கல் மடிகனே அவர். ஆளுநர்கள் வந்தார்கள், போனார்கள், மடிகன் இருந்தார். சபையில் எந்த மசோதா எழும், எது உறங்கும் என்பது அவர் கண்ணசைவில் இருந்தது. அவரோ மாநில மக்கள் அனைவரது வாக்கையும் வேண்டி நிற்பவரல்லர். சிக்காகோவின் ஒரு சிறு தொகுதி அவரைத் தெரிவு செய்தால் போதும். ஆகவே 2014இல் மக்கள் தம் சினத்தைக் கொட்டியபோது, அது குவினைச் சுட்டது, மடிகனைத் தீண்டவேயில்லை. பேயை விரட்டப் போனவர்கள் பூசாரியை விரட்டிவிட்டுத் திரும்பிய கதையாயிற்று.

புதிய ஆளுநர் 2015 ஜனவரியில் பதவியேற்றார். அதே மாதம் குவின் காலத்து வரிச்சட்டம் காலாவதியாகி, 5 சதவீதமாக இருந்த வருமான வரி 3.75 சதவீதமாகத் தாழ்ந்தது. வருமானம் வீழ்ந்தது, செலவோ வீழவில்லை. அந்நிலையில் ஆளுநர் தம் சீர்திருத்தப் பட்டியலைச் சபையின் முன் வைத்தார். தொழிற்சங்கங்களின் உரிமையைக் குறுக்குதல், தொழிலாளர் நட்டஈட்டை மாற்றுதல், பதவிக்கால வரம்பு, வீட்டு வரி முடக்கம் என அது நீண்டது. இவற்றை ஏற்றுக் கொண்டாலன்றி வரி உயர்வுக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் இணங்கேன் என்பது அவர் நிலை. தொழிற்சங்கங்களைத் தொட விடேன் என்பது மடிகனின் நிலை. வணிக உலகில் இது பழகிய தந்திரந்தான். எதிரியை மூச்சுத் திணற வைத்தால் அவன் ஒப்பந்தத்துக்கு வருவான். இலினோயில் மூச்சுத் திணறியது மடிகனா? அல்லவே!

2015 யூலை 1 முதல் 2017 யூலை 6 வரை, 736 நாட்கள், இலினோய் மாநிலம் முழுமையான வரவு செலவுத் திட்டம் இல்லாமலே கிடந்தது. இடையில் 2016 யூனில் ஓர் அரைகுறை ஏற்பாடு செய்யப்பட்டது. அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. அந்நாட்களில் நடந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கறுப்பின மாணவர் பெரும்பான்மையாகப் பயிலும் சிக்காகோ மாநிலப் பல்கலைக்கழகம், 2016 பெப்ரவரியில் தன் ஊழியர் ஏறத்தாழ 900 பேருக்கும் வேலைநீக்க எச்சரிக்கை அனுப்பியது. ஏப்ரலில் ஏறத்தாழ 300 பேர் வெளியேற்றப்பட்டனர். ஏழை மாணவருக்கு மாநிலம் வழங்கிவந்த உதவிப்பணம் வாராது நின்றது. முதியோரையும் மனநோயாளரையும் பராமரித்துவந்த லூதரன் சமூக சேவை நிறுவனம் 2016 ஜனவரியில் 750க்கும் மேற்பட்ட வேலைகளை ஒழித்து, 30 பணித்திட்டங்களை மூடியது. மாநில அரும்பொருட் சாலை பல மாதம் பூட்டிக் கிடந்தது. மாநில அதிர்ஷ்டலாபச் சீட்டில் பெரும்பரிசு வென்றவருக்குக் கூடப் பணம் கொடுக்க வழியின்றி, பின்னர் தருவோம் என்ற கடிதம் கொடுக்கப்பட்டது. தன் சூதாட்டப் பரிசையே கொடுக்க முடியாத அரசாங்கம் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எள்ளி நகையாடின.

மாநிலத்துக்குப் பொருள் விற்றவரும் சேவை செய்தவரும் காத்துக் கிடந்தனர். கொடுபடாத சிட்டைகளின் தொகை ஏறத்தாழ 500 கோடி டொலரிலிருந்து வளர்ந்து, 2017 நவம்பரில் 1,670 கோடி டொலரைத் தொட்டது. தாமதித்த சிட்டைகள் பலவற்றுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி கொடுக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அவ்வட்டி மட்டும் 100 கோடி டொலருக்கு மேல் ஏறியது. சிக்கனம் பேசி வந்த ஆட்சி, ஒரு சதத்துக்கும் பயனற்ற வட்டியில் செல்வத்தைக் கொட்டியது. 2017 யூனில் மாநிலத்தின் கடன் நம்பிக்கைத் தரம் முதலீட்டுக்குத் தகாத தரத்துக்கு ஒரே படி மேலே வந்து நின்றது. அதற்கு முன் எந்த அமெரிக்க மாநிலமும் அவ்வளவு தாழ்ந்ததில்லை.

ஈற்றில் நடந்தது என்ன? 2017 யூலையில் இரு சபைகளும் வருமான வரியை 4.95 சதவீதமாக உயர்த்தி வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றின. ஆளுநர் அதனை மறுத்தார். அவரது மறுப்பை மீறுவதற்கு 118 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் 71 வாக்குகள் வேண்டும். யூலை 6இல் சரியாக 71 வாக்குகள் கிடைத்தன. ஆளுநரின் சொந்தக் கட்சியினர் பத்துப் பேர் அவரைக் கைவிட்டதாலேயே அது கைகூடியது. 5 சதவீத வரி கொடுமை என்று குவினை விரட்டிய மாநிலம், இரண்டாண்டுத் துன்பத்தையும் 1,000 கோடிக்கு மேற்பட்ட புதிய சிட்டைப் பாக்கியையும் சுமந்த பின்னர், 4.95 சதவீதத்தில் வந்து இளைப்பாறியது! அவ்வாண்டு டிசெம்பரில் றோனரே, தாம் ஆட்சியை நடத்தும் நிலையில் இல்லை, நடத்தும் நிலைக்கு வர முயல்வதாகச் சொல்ல நேர்ந்தது. உலுக்க வந்தவரின் வாயிலிருந்து பிறந்த இச்சொல்லை விடப் பெரிய ஒப்புதல் வேறு வேண்டுமோ?

நேர்மை கருதி ஒன்றைச் சொல்லவேண்டும். 2017 ஓகஸ்டில் ஏழைப் பாடசாலைகளுக்குக் கூடிய பங்கு கிடைக்கும்படி கல்வி நிதிப் பங்கீட்டை மாற்றும் சட்டத்தில் றோனர் ஒப்பமிட்டார். அது நற்செயல். எதிர்க்கட்சியோடு அமர்ந்து பேசி, தாமும் சிறிது விட்டுக் கொடுத்ததனால் விளைந்தது அது. தம் ஆட்சியில் நிலைத்த பயன் தந்ததைக் கொம்பனி முதலாளியின் தோரணையால் அன்றி, அரசியல்வாதியின் பொறுமையினாலேயே அவர் பெற்றார்.

ஆட்சி வேறு, கொம்பனி வேறு

தொழில் நடத்துவோருக்கு நாம் பகைவரல்லர். கணக்கைத் துப்புரவாக வைத்தல், காலந்தவறாமை, வீண்செலவை வெட்டுதல் ஆகியவை ஆட்சியிலும் வேண்டப்படும் நற்குணங்களே. ஆயினும் கொம்பனிக்கும் ஆட்சிக்கும் இடையே மூன்று பெரும் வேறுபாடுகள் உள்ளன. அவற்றை அறியாது எவர் வந்தாலும் இலினோயின் கதையே நிகழும்.

முதலாவது, முதலாளி தனக்கு இணங்காத முகாமையாளரை வீட்டுக்கு அனுப்பலாம். ஆட்சித் தலைவர் தமக்கு இணங்காத சபையை அனுப்ப முடியாது. அச்சபையும் மக்களது வாக்கினாலேயே வந்தது. அதனோடு வாழக் கற்றுக்கொள்வது ஆட்சிக் கலையின் பாதி.

இரண்டாவது, கொம்பனி தனக்கு இலாபம் தராத வாடிக்கையாளனை விட்டுவிடலாம். ஆட்சி தன் குடிகளுள் ஒருவரையும் விட்டுவிட முடியாது. நடக்க முடியாத முதியவரும், படிக்க வசதியற்ற பிள்ளையும், மனநோயாளரும் கொம்பனியின் கணக்கில் செலவாகத் தோன்றுவர். ஆட்சியின் கணக்கில் அவர்களே ஆட்சி இருப்பதற்குக் காரணம்.

மூன்றாவது, வணிகப் பேரத்தில் இரு தரப்பும் தத்தம் பணத்தையே பணயம் வைக்கின்றன. அரசியற் பேரம் முறிந்தால் இழப்பு மேசையில் இருப்போருக்கில்லை. 736 நாட்களில் றோனரின் செல்வம் குறையவில்லை. மடிகனின் பதவி அசையவில்லை. இரண்டு எருதுகள் முட்டிக்கொள்ள நடுவில் நின்ற பயிர் மடிந்தது. பயிர் மடிதல் என்றால் என்னவென்று கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு சொல்வதனால் பழையவருக்கு நாம் நற்சான்று கொடுப்பதாக எவரும் எண்ண வேண்டாம். நீண்டகாலம் இருப்பது தகுதியன்று. நீண்டகால ஆட்சி எப்படி அழுகும் என்பதற்கும் அதே இலினோய்தான் சாட்சி. மின்சாரக் கொம்பனியொன்று சட்டசபையில் தனக்கு அநுகூலம் வேண்டி, மடிகனின் ஆட்களுக்கு வேலையில்லாச் சம்பளம் கொடுத்தது. 2025 பெப்ரவரியில் பத்துக் குற்றங்களில் அவர் குற்றவாளியெனக் காணப்பட்டார். யூன் மாதம் ஏழரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் அதற்கு முன்பே, 2021 ஜனவரியில், அவர் நாற்காலி பறிபோயிற்று. அவரது சொந்தக் கட்சி உறுப்பினர் பத்தொன்பது பேர் "இவருக்கு வாக்களியோம்" என்று உறுதியாய் நின்றனர், அவ்வளவே! கோடிக்கணக்கான டொலரை இறைத்த செல்வரால் அசைக்க முடியாத தூணை, கட்சிக்குள் முதுகெலும்புள்ள பத்தொன்பது பேர் அசைத்தார்கள். பழையவரைத் திருத்தும் வழி வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

2018 தேர்தலின் கதையையும் சொல்லாது விடுவது முறையன்று. றோனரைத் தோற்கடித்தவர் ஏழையல்லர். அவரினும் பெருஞ்செல்வரான ஜே. பி. பிறிற்ஸ்கர். தம் கைப்பணம் 17 கோடி டொலருக்கு மேல் செலவிட்டு வென்றார். ஆயினும் இவர் சபையோடு இணங்கி ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றினார். பழைய சிட்டைகள் தீர்ந்தன. 2021 முதல் மாநிலத்தின் கடன் தரமும் படிப்படியாக ஏறியது. 2020இல் அவர் பெரிதும் விரும்பிய வரித் திருத்தத்தை மக்கள் நிராகரித்தனர்; அவரும் அத்தீர்ப்புக்குத் தலைவணங்கினார். ஆகவே செல்வராய் இருத்தலோ, வெளியாளாய் இருத்தலோ தன்னளவில் குற்றமன்று. ஆட்சி என்பது பிறரோடு சேர்ந்து நடத்தும் காரியம் என்பதை ஒருவர் அறிந்திருக்கிறாரா என்பதே உரைகல். மற்றொரு வகையில் அத்தேர்தல் நமக்குக் கவலையும் தருகின்றது. ஒரு செல்வரை வீழ்த்த இன்னொரு செல்வரே வேண்டும் என்ற நிலை வருமாயின், சாமானியன் பதவிக்கு வரும் வாசல் அடைபட்டுப் போகாதா?

நமக்கு இதில் என்ன?

இது கடல் கடந்த கதை, நமக்கு எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். நம் நாட்டின் அண்மைக் கால வரலாறே அதற்கு மறுமொழி. 2019 நவம்பரில் இந்நாட்டின் பெரும்பான்மையோர், அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் வென்று பதவி வகித்திராத ஒருவரை ஜனாதிபதியாக்கினர். அரசியல்வாதிகளால் ஆகாததை, "வியத்மக" என்ற பெயரில் திரண்ட கல்விமான்களையும் வணிகர்களையும் கொண்டு சாதிப்பேன் என்பது அவர் தரப்பின் வாக்குறுதி. பதவியேற்ற சில நாட்களிலேயே பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2021இல் ஒரே இரவில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது. கமக்காரரைக் கேட்டார்களா? விவசாய ஆராய்ச்சியாளர் சொல்லைச் செவிமடுத்தார்களா? 2022 ஏப்ரலில் நாடு கடன் கட்ட முடியாது கைவிரித்தது. யூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். எரிபொருள் வரிசையில் நின்றவர்களும், உரமின்றி வெளிறிய நெற்பயிரைப் பார்த்து நின்றவர்களும் அந்த அனுபவத்துக்குக் கொடுத்த விலையை மறக்க மாட்டார்கள்.

நம் இனத்தின் வீட்டுக்குள்ளும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 2013 செப்டெம்பரில் வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோது, நெடுங்காலக் கட்சித் தலைவர்களைத் தவிர்த்து, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரே முதலமைச்சர் வேட்பாளராக நிறுத்தப்பட்டார். மக்கள் 1,32,255 விருப்பு வாக்குகளை அள்ளிக் கொடுத்தனர். 38 ஆசனங்களுள் 30 கூட்டமைப்புக்குக் கிடைத்தன. அத்தகைய பலத்தோடு தொடங்கிய சபை, 2017 யூனில், தன் முதலமைச்சர் மீது தன் உறுப்பினரே நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கையளிக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஆயினும் பிளவு ஆறவில்லை. குற்றம் எவருடையது என்று இங்கு நாம் வழக்காட வரவில்லை. வெளியிலிருந்து வந்தவருக்குக் கட்சியினரை அரவணைக்கத் தெரிந்திருக்க வேண்டும். கட்சியினருக்குத் தாம் அழைத்து வந்தவரோடு ஒத்துழைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாதபோது இழப்பு எவருக்கு? 30 ஆசனத்தைக் கொடுத்த மக்களுக்கே.

2018 ஒக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தபின் தேர்தலின்றி ஆண்டுகள் பல கழிந்தன. மக்களின் வாக்கினால் வராத ஆளுநர்களே மாகாணத்தை நிர்வகித்தனர். மாகாண சபைத் தேர்தல் என்றைக்கு வந்தாலும் இருவகை வேட்பாளரும் நம் வாசற்படியில் நிற்பர். ஒருவர் வெளிநாட்டில் பொருளீட்டித் திரும்பிய முதலாளியாய் இருப்பார். தொழிற்சாலை, ஏற்றுமதி, ஆயிரம் வேலை என்பார். மற்றவர் முப்பது ஆண்டுகள் மேடையில் நின்றவராய் இருப்பார். தியாகம், வரலாறு, அனுபவம் என்பார். முன்னவருக்கு நாம் நினைவூட்ட வேண்டியது ஒன்று. மாகாண சபையில் நிதி தொடர்பான நியதிச் சட்டத்தைக் கொண்டு வருவதற்கே ஆளுநரின் சிபாரிசு வேண்டும். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. இலினோய் ஆளுநரிடம் இருந்த அதிகாரத்தில் நூறில் ஒரு பங்கும் நம் முதலமைச்சரிடம் இல்லை. அத்தனை அதிகாரமிருந்தும் "உலுக்குவேன்" என்றவர் தோற்றார் என்றால், இங்கே உலுக்கல் எவ்வளவு தூரம் செல்லும்?

வாக்காளர் கேட்கவேண்டியவை

ஆகவே வேட்பாளர் பழையவரா புதியவரா என்று பார்ப்பதை விடுத்து, இருவரிடத்தும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேட்குமாறு நம் மக்களை வேண்டுகிறோம்.

உம்மிடம் இதுவரை ஒப்படைக்கப்பட்ட பொறுப்பின் கணக்கு எங்கே? பழையவராயின் பதவிக்காலக் கணக்கைக் காட்டட்டும். புதியவராயின் தம் தொழிலிடத்துத் தொழிலாளருக்கும் கடன் கொடுத்தோருக்கும் எவ்வாறு நடந்தார் என்பதைக் காட்டட்டும்.

சபை உம்மை மறுத்தால் என்ன செய்வீர்? "விடமாட்டேன்" என்பது மேடைக்கு நல்ல மறுமொழி, ஆட்சிக்கு அன்று. எதை விட்டுக்கொடுப்பீர், எதை விட்டுக்கொடுக்க மாட்டீர் என்று பிரித்துச் சொல்லட்டும்.

உமது பரிசோதனை தோற்றால் இழப்பைச் சுமப்பவர் யார்? சுமை ஏழையின் தலையில் மட்டும் விழுமாயின், அது துணிவன்று; பிறர் பொருளில் ஆடும் சூது.

உமது தேர்தற் செலவு எவருடைய பணம்? பிறருடையதாயின், அவர்களுக்கு நீர் கடன்பட்டவர். உம்முடையதாயின், உம்மைக் கண்டிக்க எவருக்கும் உரிமையில்லை என்று எண்ணிவிடுவீரோ?

உமக்குப் பின் யார்? தமக்குப் பின் ஒருவரையும் வளர விடாத பழையவரும், தம்மையன்றி ஒருவரையும் நம்பாத புதியவரும் ஒரே பாயில் உறங்குபவர்கள்.

இவற்றுக்கு மறுமொழி பெறும் பொறுப்புக் கற்றவர்களுக்குத் தனியாக உண்டு. வரவு செலவுக் கணக்கை வாசிக்கத் தெரிந்தவர்கள், சட்டத்தின் எல்லையை அறிந்தவர்கள், தேர்தல் நாளில் மட்டும் வீட்டுக்கு வெளியே வருவது போதாது. கிராமச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அமர்ந்து இக்கணக்குகளை மக்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். கமக்காரருக்கோ நாம் கற்பிக்க வேண்டியது அதிகமில்லை. புதிய விதை நெல் வந்தால், பளபளப்பைக் கண்டு வயல் முழுவதும் விதைத்துவிடுபவன் நல்ல கமக்காரன் அல்லன். பழைய விதை பழகியது என்பதற்காகப் பதர் விழுந்த நெல்லையே மீண்டும் மீண்டும் விதைப்பவனும் அல்லன். முளைக்கும் விதை எது என்று நீரில் இட்டுப் பார்த்துத் தெரிந்தெடுப்பவனே போகம் காண்பான்.

சினத்தோடு வாக்களிப்பது எளிது. அச்சத்தோடு வாக்களிப்பது அதனினும் எளிது. இலினோய் மக்கள் சினத்தில் அளித்த ஒரு வாக்குக்கு 736 நாட்கள் தண்டம் கட்டினர். அவர்களிடம் பெருஞ்செல்வமும் வளமான நிலமும் இருந்தன. அத்தண்டத்தை அவர்களால் தாங்க முடிந்தது. போரிலும் இடப்பெயர்விலும் உள்ளதை இழந்து, மீண்டும் ஒன்றொன்றாய்ச் சேர்த்துக்கொண்டிருக்கும் நம் மக்களால் அப்படியொரு தண்டத்தை ஒரு போகத்துக்குக் கூடத் தாங்க முடியாது. ஆதலின் நம் வாக்கு, நாற்காலியின் பழமைக்கும் பணப்பெட்டியின் பாரத்துக்கும் உரியதன்று. கணக்குக் காட்டத் துணிந்தவருக்கே அது உரியது.